பிரேக் அக்கா இளைத்த ரகசியம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்குப் பிரேக் அக்கா என்று பெயர். வருடக்கணக்கில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்திச் சம்பாதித்த பட்டம். அவள் போட்ட சத்தத்தில் அடுத்த தெரு வண்டிகூட நின்றதுண்டு என்பார்கள்.

அப்படிப்பட்டவளையே ஆட்டி வைத்தது சீட் பெல்ட். மார்பின் கனத்தில் அது ஒருநாளும் ஒழுங்காகப் படியாது. கழுத்தை அறுக்கும், இல்லையென்றால் நழுவும். உள்ளாடைப் பட்டை தோளில் பள்ளம் பறித்திருந்தது. முதுகுவலி உயிரை வாங்கியது. அவள் உடம்பைப் பற்றி ஜாடை பேசாத வாய் தெருவில் இல்லை, வலிக்கிறதா என்று கேட்கத்தான் ஆளில்லை. கடைசியில் கணவனுக்கு ஆபீஸ் பயிற்சி என்று கதை கட்டிவிட்டு, அவனோடு வெளியூர் போய் மார்பைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள்.

வலி விட்ட சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். எப்படி இளைத்தாய் என்று கேட்டவர்களிடம், "வெந்நீரும் நடையும்தான்" என்று அளந்துவிட்டாள். மறுவாரமே ஏழெட்டுப் பெண்கள் கையில் பாட்டிலோடு விடியற்காலையில் வாசலில் நின்றார்கள். வேறு வழியில்லாமல் குரு நடந்தாள், சிஷ்யைகள் பின்னாலேயே ஓடினார்கள். முதல் சிஷ்யை அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. தேய்ந்ததென்னவோ எல்லோருடைய செருப்பும்தான்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. வயதைக் காரணம் காட்டி டாக்டர் மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் எடுக்கச் சொன்னார். துணைக்கு ஓரகத்தி ஒட்டிக்கொண்டாள். உடை மாற்றும் திரைக்கு அந்தப் பக்கம் அவள் பையோடு நிற்க, படம் எடுக்கும் பெண் தழும்பைப் பார்த்துவிட்டாள்.

"முன்னாடி ஏதாவது ஆபரேஷன் பண்ணிருக்கீங்களா?"

"இல்லைங்க. சின்ன வயசுல வெந்நீர் கொட்டிடுச்சு."

ஆபத்துக்கு வெந்நீரே கைகொடுத்தது. அந்தப் பெண் ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் வெளியே கூட்டம் நெரிந்ததால், சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

படத்தைப் பார்த்த டாக்டர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். "உள்ள ஒரு இடத்துல சதை இழுத்துக்கிட்ட மாதிரி இருக்கு. சுண்ணாம்புப் புள்ளியும் தெரியுது. வெந்நீர் பட்டா உள்ள இப்படி ஆகாது. ஊசியால கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துடலாம்."

"புற்றுநோயா டாக்டர்?"

"இல்லைன்னு இப்ப சொல்ல முடியாதும்மா."

உண்மையைச் சொன்னால் ஓரகத்தி காதில் விழும். சொல்லாவிட்டால் டாக்டர் படத்தை எதை வைத்துப் புரிந்துகொள்வார்? உயிரே ஊசலாடும் அந்த நேரத்திலும் அவளுக்கு மறுநாள் வாசலில் நிற்கப்போகிற பாட்டில்கள்தான் கண்ணுக்குள் வந்தன. மனுஷ புத்தி அப்படி. கடைசியில் பயம்தான் ஜெயித்தது.

"டாக்டர், ஆபரேஷன் பண்ணிருக்கேன். மாரைச் சின்னதாக்கிக்கிட்டேன். ரெண்டு வருஷமாச்சு."

டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டார். "இதத்தானேம்மா முதல்லயே கேட்டாங்க. அப்படின்னா இது உள்ள ஆறின தழும்பா இருக்கலாம், கொழுப்பு கட்டிப்போன இடமா இருக்கலாம். ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த படம் இருந்தா கொண்டாங்க, பக்கத்துல வெச்சுப் பார்க்கணும். இப்ப ஒரு ஸ்கேன் பண்ணிடலாம்."

ஸ்கேனிலும் ஆறின தழும்பு போலத்தான் தெரிந்தது. இப்போதைக்கு ஊசி வேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் ஓரகத்தி பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது இவளுக்கு.

"ரெண்டு வருஷமா உங்க பின்னாடி நடக்கறேன்க்கா," என்றாள் ஓரகத்தி மெதுவாக. "ஒரு கிலோ குறையல. என் உடம்புலதான் ஏதோ கோளாறுன்னு குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கேன்."

பிரேக் அக்காவுக்கு இத்தனை நாள் தன் மானத்தை மட்டுமே கட்டிக் காத்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. "இப்படி ஆகும்னு நினைக்கலம்மா" என்று சொல்வதற்குள் கண்ணீர் முந்திக்கொண்டது.

ஓரகத்தி தன் முந்தானையை நீட்டினாள். "துடைச்சுக்கங்க. ஆறு மாசம் கழிச்சு நானும் வரேன். அவங்க கேக்குற கேள்விக்கு நான் பதில் சொல்றேன். நீங்க வாயைத் திறக்கவே கூடாது."