வலது பக்கம் குத்திய மெடல்

முதல் மகாயுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். மயிலாப்பூரில் நாங்கள் சிலர் சேர்ந்து அரபு நாட்டில் நடந்த பஸ்ரா சண்டையை நாடகமாகப் போட்டோம். சிப்பாய் வேஷம் எனக்கு. காக்கிக் கோட்டு எப்படியோ கிடைத்துவிட்டது. மெடல்தான் இல்லை. தகரத்தில் வெட்டி வர்ணம் பூசிக்கொள் என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. செத்தவர்கள் கதையை நடித்துக்கொண்டு மார்பில் பிஸ்கட் டப்பா மூடியைத் தொங்கவிடுவதா?

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவிடம் நிஜ மெடல் இருந்தது. சாந்தோம் பக்கத்துக் குப்பத்துக்காரி. யுத்தத்தின்போது அவள் புருஷனைப் பஸ்ரா ஆற்றில் படகு ஓட்டக் கூட்டிப்போனார்கள். பிறகு 'காணவில்லை' என்று ஒரு காகிதம் வந்தது. அப்புறம் மெடல் வந்தது. ஆள் வரவில்லை, பிணமும் வரவில்லை. அவள் தாலியைக் கழற்றவில்லை. தினமும் அவருக்கும் சேர்த்தே உலை வைத்தாள். குப்பமே சொல்லிப் பார்த்தது. "அவரு எங்கியோ கீறாரு, வருவாரு" என்பாள். அதற்குமேல் அவளிடம் பேச முடியாது.

கூடையாலேயே அடித்தாலும் அடிப்பாள் என்று பயந்துகொண்டுதான் கேட்டேன். மறுநாள் மீனோடு ஒரு துணி முடிச்சையும் கொண்டுவந்தாள்.

"நான்கூட அத்தக் குத்திக்கினது இல்ல தம்பி. மரியாதையா வச்சிக்க. நானும் வந்து பாக்குறேன்."

மெடலின் விளிம்பைச் சுற்றி அவர் பெயரும் நம்பரும் பொறித்திருந்தன. கை கழுவாமல் அதை நான் தொட்டதில்லை. மற்றவர்களைக் கிட்டே விட்டதும் இல்லை.

நாடகத்தன்று சாயங்காலம் இடது மார்பில் குத்திக்கொண்டு நின்றேன். எங்கள் நாடகத்தை நடத்தியவர் ஒரு வக்கீல் வீட்டுப் பிள்ளை. அவருக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது.

"என்னடா இது, காஸ் விளக்கு அந்தண்டைன்னா இருக்கு? மெடல் இருட்டுல கெடந்தா யாருக்குத் தெரியும்? வலது பக்கம் மாத்திக்கோ."

மாற்றிக் குத்திக்கொண்டேன்.

சிப்பாய் ஆற்றங்கரைக்கு வந்து பேசும் காட்சி. மேடையேறியதுமே அவளைப் பார்த்துவிட்டேன். தரையில் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, மெடலைப் பார்த்தாள். மெதுவாக எழுந்தாள்.

"வந்துட்டீங்களா?" என்றாள், வாசலுக்கு வந்தவரைக் கேட்பதுபோல.

என்னை அவள் எப்போதும் தம்பி, நீ என்றுதான் கூப்பிடுவாள். வசனம் மறந்துபோயிற்று. கூட்டம் இதுவும் நாடகம் என்று கைதட்டியது. வாயைத் திறந்தேன். "ம்" என்று ஒரு குரல் வந்தது. அது என் குரல்தானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

திரை விழுந்ததும் பின்பக்கம் வந்தாள். அழவில்லை.

"மெடல் குடுத்த தொர அன்னிக்கே சொன்னாரு தம்பி. உசுரோட கீறவரு எடது பக்கம் குத்திப்பாரு. செத்தவரோடத அவரு வூட்டு ஆளுங்கோ வலது பக்கம் குத்திக்கணுமாம். அதுக்குத்தான் நான் குத்திக்கவே இல்ல. இன்னிக்கு அவரே வலது பக்கம் குத்திக்கினு வந்து சொல்லிட்டாரு."

நான் பதறிப்போனேன். "ஐயோ, விளக்கு அந்தப் பக்கம் இருந்துச்சும்மா, அதுக்காக மாத்தினது. வேற ஒண்ணுமே இல்ல!"

"வெளக்க அந்தப் பக்கம் யாரு வச்சாங்கோ?"

வக்கீல் வீட்டுப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. "நான் வைக்கலேடா. நான் வரச்சேயே அங்கேதான் இருந்தது" என்றார். மற்றவர்களும் கையை விரித்தார்கள்.

அவளே ஊக்கைக் கழற்றினாள். மெடலைத் தன் புடவையில் வலது தோளுக்குக் கீழே குத்திக்கொண்டாள். பிறகு கோட்டில் ஊக்கு ஏறிய இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"பத்ரமா போங்க" என்றாள் கோட்டைப் பார்த்து. போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை.