இன்னும் இறுகாத தளம்

செங்கல்பட்டில் கொளவாய் ஏரியைப் பார்த்தபடி எங்கள் வீடு இருந்தது. வீடு என்று ஒருமையில் சொல்வது கொஞ்சம் தப்பு. தாத்தா கட்டும்போது ஒன்றுதான். அவர் போன பிறகு அப்பாவும் பெரியப்பாவும் ஓர் அண்டாவுக்காகச் சண்டை போட்டு, கூடத்தின் நடுவில் சுவர் எழுப்பி, அதை இரண்டாக்கிவிட்டார்கள். சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பெரியப்பா அந்த அண்டாவைக் கேட்காமல் கொடுத்தாராம். அது வயிற்றில் ஒரு நசுங்கலோடு திரும்பி வந்ததாம். அப்பா ஏதோ சொல்ல, பெரியப்பா ஏதோ சொல்ல, பேச்சு தடித்துவிட்டது. கடைசியில் அண்டா யார் பக்கம் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சுவர் மட்டும் நேராக ஓடிப்போய், ஏரிப் பக்கத்துப் பெரிய ஜன்னலின் நட்டநடுவில் முட்டி நின்றது. நான்கு கதவு ஜன்னலில் எங்களுக்கு இரண்டு, அவர்களுக்கு இரண்டு. அண்ணன் தம்பி ஏரியையே ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள் என்று கடைத்தெருவில் சொல்லிச் சிரித்தார்கள்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இதில் இருந்தது. அம்மாவும் பெரியம்மாவும் கூடப்பிறந்தவர்கள். சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் பிறந்து, அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு, ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்த அக்காளும் தங்கையும். அந்தப் பக்கத்தோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். இந்தப் பக்கத்தோடு கூடாது என்று பெரியப்பா பெரியம்மாவிடம் சொன்னார். சண்டைக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பிள்ளைகளுக்குத் தடை இல்லை. பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் கிடையாது என்பதால், பிள்ளைகள் என்றால் நான் ஒருத்திதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. இந்த வாசலில் சொன்னதை அந்த வாசலில் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பேன். இதற்காக இரண்டு பக்கமும் எனக்கு நல்ல பெயர். "அவ ஒண்ணு சேக்கவும் மாட்டா, ஒண்ணு வுடவும் மாட்டா" என்பார் பெரியப்பா. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை கனத்துப் போயிருந்தது.

இப்படி இரண்டு வருஷம் போனது. ஐம்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மழையில் வீடு இரண்டு பக்கமும் ஒழுகியது. சட்டி, பானை, தவலை என்று இருந்ததெல்லாம் தரைக்கு வந்தன. அடுத்த மழைக்குள் பழைய மேல்தளத்தைப் பெயர்த்துப் புதுசாகப் போடுவது என்று அப்பா முடிவு செய்தார். அவர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. மூட்டைகளை எண்ணிய கையால் வீடும் கட்டிவிடலாம் என்று நம்பினார். "மேஸ்திரி வாயால சொல்லட்டும், நம்ம கையால செஞ்சிக்கலாம்" என்பது அவர் திட்டம்.

மேஸ்திரி வந்தார். மேலே ஏறி, நடந்து, குதிகாலால் இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"கீழ செவுரு வச்சிகினீங்க, செரி. மேல வைக்க முடியாதுபா. தளம்னா இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரிக்கும் ஒரே நாள்ல கொட்டணும். ஒரே வரிசையா குந்திகினு தட்டணும். பாதிய தட்டிட்டு பாதிய வுட்டா நடுவுல பொளந்துக்கும். அப்பால மழ ரெண்டு வூட்லயும் பாரபட்சம் இல்லாம எறங்கும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தெருவைச் சுற்றி ஓடி, தையல் மெஷினில் குனிந்திருந்த பெரியப்பாவிடம் அத்தனையும் ஒப்பித்தேன். அவர் தலையைத் தூக்காமலே, "வரேன்னு சொல்லு. வூட்டுக்காக வரேன், அந்தாளுக்காக இல்லன்னு சொல்லு" என்றார். சொன்னேன். "நானும் வூட்டுக்காகத்தான் கூப்ட்டேன்னு சொல்லு" என்றார் அப்பா. மறுபடி ஓடினேன். நாலு நடையில் உடன்படிக்கை ஆனது. சுமப்பதும் கலப்பதும் ஆண்கள் வேலை. தட்டுவது பெண்கள் வேலை, ஏனென்றால் அவர்கள் கைதான் ஒரே சீராக விழும் என்பது மேஸ்திரி கணக்கு. ஆகவே அம்மாவும் பெரியம்மாவும் தளம் முடிகிறவரை ஒரே மாடியில் உட்காரலாம். முடிந்த அன்றே பழையபடி.

அம்மா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மேஸ்திரி கிளம்பும்போது அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எத்தினி நாளு தட்டணும், மேஸ்திரி?"

"நாலு நாளும் ஆவும், ஆறு நாளும் ஆவும்மா. சுண்ணாம்புதான் சொல்லணும்."

சுண்ணாம்பு சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்தது. கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு. முற்றத்தில் குழி வெட்டி நீற்றினார்கள். அது புகைந்து, கொதித்து, அடங்கி, வெண்ணெய் மாதிரி ஆனது. செங்கல் ஜல்லியோடு அதைக் கலந்து மேலே ஏற்றிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏணியில் கைமாற்றி விடும் வரிசையில் அப்பாவும் பெரியப்பாவும் அடுத்தடுத்து நிற்க வேண்டி வந்தது. இருவரும் ஒரே சமயத்தில் ஒதுங்கப் பார்த்தார்கள். மேஸ்திரி என்னைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். கலவைச் சட்டியைத் தூக்க எனக்குத் திராணி ஏது? அப்பா ஒரு விளிம்பைப் பிடிப்பார், பெரியப்பா மறு விளிம்பைப் பிடிப்பார், நான் அடியில் இரண்டு உள்ளங்கையை வைத்திருப்பேன். இப்படி நாள் முழுக்க அண்ணனும் தம்பியும் என்னிடமிருந்து வாங்கி என்னிடமே கொடுத்தார்கள்.

மறுநாள் தட்டு ஆரம்பமானது. அம்மா எங்கள் ஏணியில் ஏறி எங்கள் ஓரத்தில் உட்கார்ந்தாள். பெரியம்மா அவர்கள் ஏணியில் ஏறி அவர்கள் ஓரத்தில். நடுவில் மேஸ்திரி சம்சாரம். அம்மா பக்கத்தில் நான். ஆளுக்கு ஒரு தட்டுக்கட்டை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்ட வேண்டும். முதலில் பொத் பொத் என்று சேறு மாதிரி சத்தம் வந்தது. ஏரியிலிருந்து காற்று அடித்தது. கரையோரம் போகிற ரயில் எஞ்சின் எங்கள் புதுத் தளத்துக்குக் கொஞ்சம் கரித்தூளும் தந்துவிட்டுப் போனது. அன்று முழுக்க அக்காளும் தங்கையும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் மேஸ்திரி சம்சாரம் எழுந்தாள். "நடுவுல வெயிலு மண்டைய பொளக்குது. நான் ஓரத்துக்குப் போறேன்" என்றாள். அந்த மாடியில் நிழல் எங்கேயும் கிடையாது, ஓரத்திலும் கிடையாது. அவள் பெரியம்மாவுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். பெரியம்மா அவளுக்கு இடம் விட்டு இந்தப் பக்கம் நகர்ந்ததில், அக்காளுக்கும் தங்கைக்கும் நடுவில் இப்போது ஒரு முழம்தான் இருந்தது.

"நீங்க பேசுங்கம்மா. கை மட்டும் நிக்கக் கூடாது. சத்தம் நின்னா கீழேர்ந்து எட்டிப் பாப்பாங்க."

பிறகு அம்மா குனிந்தபடியே கேட்டாள்.

"யக்கா, நம்ம அம்மா வைக்குமே கானாங்கெளுத்திக் கொழம்பு. அதுக்குப் புளியா, மாங்காயா?"

"ரெண்டும்தான். இத கேக்கவா ரெண்டு வருசமா காத்துகினு இருந்த?"

"வேற யார கேக்கறது? செவுத்தயா?"

பெரியம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. உடனே மேஸ்திரி சம்சாரம் கட்டையை ஓங்கிப் போட ஆரம்பித்தாள். அம்மாவும் ஓங்கிப் போட்டாள். நானும் போட்டேன். சாதாரணப் பேச்சுக்குச் சாதாரணத் தட்டு, முக்கியமான பேச்சுக்குப் பலமான தட்டு என்று ஒரு வழக்கம் அன்றே உண்டாகிவிட்டது. எனக்குக் கேட்டதெல்லாம் சாதாரணப் பேச்சுதான்.

"உன் இருமலு எங்க வூட்டு வரிக்கும் கேக்குது. கஷாயம் வச்சிக் குடிக்கறதில்ல?" என்றாள் பெரியம்மா.

"நீ நெய் காச்சற வாசன கூடத்தான் எங்க வூட்டு வரிக்கும் வருது. ஒரு கரண்டி வருதா?"

மூன்றாம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். தளத்துக்கான வெல்லத் தண்ணீரில் அரைச் சொம்பு குடித்துவிட்டேன். கடுக்காய் தன் குணத்தைக் காட்டியது. அன்று பாதி நாள் நான் மாடியில் இல்லை. திரும்பி வந்ததும் மேஸ்திரி சம்சாரம், "தளத்த இறுக்கறது உன்ன எளக்கிடுச்சா? ஏரி நெறய தண்ணி கீது, போ, கால கழுவிகினு வா" என்றாள். பெரியம்மா என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்; அவள் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. அக்காளும் தங்கையும் சிரிக்கும்போது ஒரே முகம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள் சத்தம் மாறியது. பொத் பொத் போய் டண் டண் என்று கேட்டது. கட்டை தளத்தைத் தொட்டதும் தானே எகிறியது. தளம் இறுகிவிட்டதற்கு அதுதான் அடையாளம் என்று மேஸ்திரி முதல் நாளே சொல்லியிருந்தார். கட்டை எகிறினால் தட்டியது போதும், மேலே ஓடு பாவிவிடலாம். என் கட்டை எகிறுவதை நான் அம்மாவுக்குக் காட்டினேன்.

"இன்னும் இல்லடி. உன் கைக்குப் பழக்கம் போதல" என்றாள் அம்மா.

அவள் கட்டையும் எகிறியது. பெரியம்மா கட்டையும் எகிறியது. நான் மேஸ்திரி சம்சாரத்தைப் பார்த்தேன். அவள் தளத்தை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, ஆமா. இன்னும் ரெண்டு நாளு தட்டணும்" என்றாள். எனக்கு ஒரே ஆச்சரியம். அம்மாவின் உள்ளங்கை கொப்புளம் உடைந்து, துணி சுற்றியிருந்தது. இத்தனை பெரியவர்களுக்கு இவ்வளவு சின்ன விஷயம் புரியவில்லையே என்று இருந்தது.

ஆறாம் நாளும் தட்டினார்கள். மதியத்துக்கு மேல் ஏரியின் அக்கரையில் மேகம் கட்டியது. தண்ணீர் ஈய நிறமாகிவிட்டது. ஓடு பாவாமல் மழை பிடித்தால் சுண்ணாம்பு கரைந்து ஏரிக்கே போய்விடும் என்று மேஸ்திரி பயமுறுத்தியிருந்தார். அப்பா வேலையிலிருந்து வந்ததும் வானத்தைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். கீழே இருந்து குரல் கொடுத்தார்.

"இன்னாமே, இன்னுமா ஆவல?"

"ஆவல. இன்னும் ரெண்டு நாளு" என்றாள் அம்மா.

அப்பா வாசலில் வந்து உட்கார்ந்தார். பயந்தபோது அவர் மீசையைக் கடிப்பார். கடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. இறங்கி வந்து பக்கத்தில் நின்றேன்.

"நீ சொல்லு. உன் வாயில பொய் வராது. கட்ட எகிறுதா, எகிறலியா?"

"நேத்தே எகிறிடுச்சிப்பா" என்றேன். அதோடு விட்டேனா? "மூணு பேரு கட்டையும்தான். அவங்களுக்குத் தெரியல" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அப்பா என் தலையைத் தடவினார். அப்படியே மேஸ்திரி வீட்டுக்கு நடந்தார்.

அன்று சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கும்போது பெரியம்மா அவர்கள் ஏணியில் நின்று, "மீதிய நாளைக்குச் சொல்றேன்டி" என்றாள். என்ன மீதி என்று எனக்குத் தெரியாது. அது பலமான தட்டுக்கு அடியில் போன பேச்சு.

மறுநாள் காலை அம்மா புடவையைத் தூக்கிச் செருகி, கையில் புதுத் துணி சுற்றிக்கொண்டு, கட்டையோடு ஏணியில் கால் வைத்தாள். மேலே மேஸ்திரியும் பெரியப்பாவும் ஏற்கெனவே ஓடு அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கி ஓடு பாவறாங்க. நீ வர வேணாம்" என்றார் அப்பா.

"இறுகலியே. யாரு சொன்னது இறுகிடுச்சின்னு?"

"உன் பொண்ணுதான். அவதான் கரெக்டா பாத்து சொன்னா."

நான் பாராட்டுக்காகச் சிரித்தபடி நின்றேன். அம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள். திட்டவில்லை. ஒரு காலை ஏணியில் வைத்தபடியே நின்றவள், பிறகு காலை எடுத்துக்கொண்டு, கட்டையைச் சத்தம் வராமல் கீழே வைத்தாள்.

"ஆமா. இறுகித்தான் போச்சு" என்றாள்.

ஓடு பாவி முடித்த நாலாம் நாள் மழை வந்தது. ஏரியே எழுந்து வந்து கொட்டுகிற மாதிரி மழை. அப்பா ஒவ்வொரு அறையாகப் போய் அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பா, யாருக்கு என்று சொல்லாமல், "செரியாதான் போட்டிருக்காங்க" என்றது கேட்டது. அப்பாவும் யாருக்கு என்று சொல்லாமல் சிரித்துக்கொண்டார். இவ்வளவு நல்ல நாளில் அம்மா மட்டும் கூடத்து மூலையில், சுவரை ஒட்டி உட்கார்ந்து, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடி இடிக்கும்போதெல்லாம் இன்னும் உற்றுப் பார்த்தாள்.

ஒழுகிவிடுமோ என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொன்னேன்.

"பயப்படாதம்மா. இது எத்தினி வருசம் ஆனாலும் ஒழுகாது."