தம்மில் போட்ட முக்கோணம்

திருச்சியில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஆயிரம் முக்கோணம் என்று ஒரே மதியத்தில் செய்து முடித்தவள் பாலக்கரை ஜீனத். ஆயிரம் என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் முக்கோணம் நிஜம். பார்வைக்குச் சமோசா, அளவில் ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் அறுநூறு வரிசையாக நிற்கும்.

ஜீனத் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எட்டு வருஷமாகத் தற்காலிக டெக்னீஷியன். நீளமான டிஎன்ஏ இழை ஒன்றோடு இருநூறு குட்டி இழைகளைச் சேர்த்து, நன்றாகச் சூடாக்கி, மெல்ல மெல்ல ஆறவிடுவது அவள் வேலை. ஆறும்போது ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று வைத்த இடங்களைப் பிடித்துக்கொள்ள, நீள இழை மடங்கி முக்கோணமாகும். அவசரப்பட்டால் பூனை விளையாடிய நூல்கண்டுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெரிய மைக்ரோஸ்கோப்பில் அவள் முறை. தவறினால் அடுத்தது மூன்று மாதம் கழித்து. அதற்குள் புராஜெக்ட் முடிந்துவிடும், அவள் வேலையும். அன்றைக்கென்று பார்த்துச் சூடாக்கும் மிஷின் புகைந்து படுத்துவிட்டது.

ஜீனத் விரல்நுனி அளவுக் குழாயை ஐஸ் டப்பாவில் வைத்து வீட்டுக்கு பஸ் ஏறினாள். அவள் அத்தா ஷேக் தாவூது கல்யாண பிரியாணி மாஸ்டர்.

“அத்தா, உங்க பிரியாணி தேக்சாவுல தண்ணியக் கொதிக்க வச்சு தம்மு போட்டா எவ்வளவு நேரம் சூடு நிக்கும்?”

“மத்தியானம் லுஹருக்கு இறக்கினா பொழுது சாஞ்சு மஃரிபு வரைக்கும் நிக்கும். எத்தனை படி?”

“படியெல்லாம் இல்லத்தா. இதான்.”

தாவூது கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “பல்லிடுக்குல ஒட்டினதுகூட இதைவிட ஜாஸ்தி இருக்கும் புள்ள.”

இருந்தாலும் தண்ணீர் கொதித்தது, குழாய் நூலில் தொங்கியது, மூடியைச் சுற்றி மைதா மாவு அடைத்தாயிற்று, மேலே நாலு சாக்கும் போர்த்தியாயிற்று. அப்புறம்தான் ஜீனத்தின் மூக்கு விழித்துக்கொண்டது.

“தண்ணியில என்னத்தா போட்டீங்க?”

“ஒண்ணும் போடலையே,” என்றார் தாவூது, புதினா ஒட்டிய விரல்களோடு. பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் நாற்பது வருஷப் பழக்கத்தில் கை தானாகப் போட்டிருந்தது.

குழாய் இறுக மூடியிருந்ததால் அதற்கு ஒன்றுமில்லை. மணம்தான் தெருவுக்குப் போய்விட்டது. தாவூது வீட்டுத் தம்மு எந்த வீடு வரை மணக்கிறதோ அந்த வீடு வரை சோறு போகவேண்டும் என்பது அந்தத் தெருவின் சட்டம். அரைமணி நேரத்தில் பக்கத்து வீட்டு அல்ஃபியா மாமி டப்பாவோடு வந்தாள், பின்னால் ஏழெட்டு டப்பாக்கள். தாவூது மாவை உடைக்கக் கத்தியைத் தேடினார்.

“தொடாதீங்கத்தா. இப்பத் திறந்தா என் வேலை போச்சு.”

“வெறும் டப்பாவ திருப்பி அனுப்பிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் தெருவுல நடக்கறது?”

ஜீனத் சாக்கின் மேலேயே ஏறி உட்கார்ந்தாள். சூடு தாங்காமல் நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து உட்கார்ந்தாள்.

“என்ன ஜீனத், அடைகாக்குறியா? உள்ள ஆடா, கோழியா?” என்றாள் மாமி.

“முக்கோணம், மாமி.”

“சமோசாவா? தம்முலயா?”

மாமி தாவூதைப் பார்த்த பார்வையில் அவருடைய நாற்பது வருஷப் பேர் ஆட்டம் கண்டது. கத்தியைக் கீழே போட்டார். இரண்டாவது அடுப்பைப் பற்றவைத்து, மஃரிபுக்குள் பதினாலு வீட்டுக்கு நிஜ பிரியாணி ஆக்கிக் கொடுத்தார். முதல் தேக்சாவை யாரும் தொடவில்லை.

மறுநாள் தாவூதும் கூடவே கிளம்பிவிட்டார். மைக்ரோஸ்கோப் பார்த்துக்கொள்ளும் ஜென்சி திரையைத் திருப்பிக் காட்டினாள். உடைந்தவை சில, மற்றபடி திரை முழுக்க முக்கோணம். ஜீனத் நிம்மதியாக நாற்காலியில் உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள். நேற்றைய சூடு இன்னும் ஆறவில்லை.

“பாத்தீங்களாம்மா என் தம்ம,” என்றார் தாவூது. “திருச்சிக்கே ஆளுக்கு ஆயிரம் தேறும்.”

ஜென்சி போனில் கணக்குப் போட்டாள். “தப்பு அங்கிள்.”

“சரிம்மா, கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். நூறுன்னு வச்சுக்கங்க.”

“அது இன்னும் தப்பு. உடைஞ்சதைக் கழிச்சாலும் ஆளுக்கு ஒரு லட்சத்துக்கு மேல வருது.”