தங்க நிப்பு பேனாவின் முதல் தாள்

நாலாம் வகுப்போடு நின்ற நான் வடக்கே சிஞ்ச்வட்டில் சொந்தமாக லேத் பட்டறை போட்டவன். என் பழைய மைப்பேனாக்களைப் பார்க்கப் பாணேரிலிருந்து பெரிய ஆபீசர்களே வருவார்கள். இத்தனை வருடம் தொடாமல் வைத்திருந்த தங்க நிப்பு பேனாவில் இன்றுதான் மை நிரப்பினேன். திருநெல்வேலியில் தம்பிக்கு இருதய ஆபரேஷன். இப்போது அவனுக்குக் காது கேட்காது. எழுதி அனுப்பினால் போனில் காட்டுவதாக அவன் மகன் சொன்னான்.

மை வாசம் என்னை நாங்கள் வளர்ந்த ஏரவாடா வீட்டுக்கு இழுத்துப் போனது. எழுதத் தெரியாத தமிழர்களுக்கு அங்கே அப்பாதான் ஊருக்குக் கடிதம் எழுதுவார். உச்சியில் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்குவார். சாவுச் செய்திக்கு மட்டும் போடமாட்டார். நானும் தம்பியும் பின்னால் நின்று தாளின் உச்சியையே பார்ப்போம். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மழைக்காலத்தில் ஒருநாள், அப்பா நேராக முதல் வரியை எழுதினார்.

"அண்ணே, அப்பா சுழி போடலண்ணே" என்று தம்பி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இன்று நான் சுழி போட்டபோது நிப்பு வெறுமனே கீறியது. உதறியதும் மை இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில், "தைரியமா இருல, அண்ணன் வாறேன்" என்று எழுதிக்கொண்டே போனேன். எழுத்து அச்சடித்த மாதிரி விழுந்தது. பெருமையாக மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகுதான் உச்சி வெறுமையாக இருப்பதைப் பார்த்தேன். சுழி போடத் தாளைத் திரும்பக் கேட்டேன்.

"அதான் போட்டோ அனுப்பிட்டேனே மாமா" என்றாள்.

போன் அடித்தது. "பெரியப்பா, என்ன எழுதினிய? அப்பா தாளோட உச்சியையே பாத்துட்டு இருக்காரு. ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லுதாரு."