முதல் வரிசையில் மாமனார் வண்டி

பழைய பிக்கப் வண்டியைப் பார்த்து, இது எந்த வருஷத்து மாடல், இதுல எது கம்பெனியிலேயே வந்தது, எது அப்புறமா மாட்டினதுன்னு சொல்றது என் தொழில். கூப்பிடுறவங்க ஒருத்தருக்கும் உண்மை தேவைப்படாத தொழில் இது. டாக்டருங்க, ஜோசியருங்க, பரீட்சைப் பேப்பர் திருத்துற வாத்தியாருங்க, உங்களுக்கெல்லாம் என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

கவரைப்பேட்டையில ரோட்டோரமா எனக்கு ஒரு ஷெட். கும்மிடிப்பூண்டியில இரும்புக் கம்பெனி வச்சிருக்கிற ஒரு முதலாளிக்குப் பழைய வண்டின்னா உசுரு. பொங்கல் லீவுல தன் கம்பெனி மைதானத்துல பழைய பிக்கப் கண்காட்சி வைக்கிறேன்னார். கம்பெனியில வந்தது வந்தபடியே இருக்கிற வண்டிக்கு முதல் வரிசை, மாலை, மரியாதை. கை வச்ச வண்டியெல்லாம் ரெண்டாவது வரிசை. எது எங்கேன்னு சொல்ற பொறுப்பைத் தூக்கி என் தலையில வச்சுட்டார்.

இதுல ஒரு பேஜாரு. திருப்பாச்சூர்ல நெல்லு விவசாயம் பண்ற என் மாமனார்கிட்டயும் ஒரு பிக்கப் இருக்கு. அது முதல் வரிசையிலதான் நிக்கப்போகுதுன்னு என்னை ஒரு வார்த்தை கேக்காம ஊர் பூரா சொல்லிட்டார். ஜனங்க வந்து பாக்க வேன் வேற பேசிட்டார். இனி அவர் மானம் என் வாயில.

நெத்தியில நாமம்

திருவள்ளூர்ல கோயில் கைங்கரியம் பண்ற ஒரு பட்டர் வீட்டு வண்டியைத்தான் முதல்ல பார்த்தேன். காலங்காலமா பூக்கூடையும் தளிகைப் பாத்திரமும் ஏத்தின வண்டி. முன்பக்கம் கம்பெனிக்காரன் அடிச்ச நம்பர் தகட்டைப் பார்த்தா வருஷம் தெரிஞ்சிடும். ஆனா தகடு இருக்க வேண்டிய இடத்துல பெரிய நாமம்! ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதே இடத்துல திருமண்ணும் ஸ்ரீசூர்ணமும் சாத்தி, அழியாம இருக்க மேல வார்னிஷும் அடிச்சிருக்காங்க. அதிரசம் கனத்துக்கு ஏறிப்போயிருந்தது.

துணியில தின்னரை நனைச்சதுதான் தாமதம், பட்டர் குறுக்கே வந்து நின்னுட்டார். "சாமி, சுரண்டாம வருஷம் சொல்ல முடியாது. வருஷம் தெரியலைன்னா ரெண்டாவது வரிசைதான்"னு சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரலை.

"பெருமாளுக்கு என்ன வயசுன்னு யாராவது கேக்கறாளா? அவர் வண்டிக்கு மாத்திரம் ஏன் கேக்கறேள்?"

கம்பெனி சீட்டு

அடுத்தது கும்மிடிப்பூண்டி லேபர் கான்ட்ராக்டர் செங்கல்ராயன். ஆந்திரா பார்டர் பக்கத்து ஆளு, வாயைத் திறந்தா நைனாதான். "எல்லாம் கம்பெனில வந்தது நைனா, ஒரு போல்ட்டுகூட மாத்தல"ன்னு வண்டியைத் தட்டித் தட்டிக் காமிச்சார். எல்லாம் ஒழுங்காத்தான் இருந்தது. சீட்டு மட்டும் உறுத்துச்சு. பின்பக்கத்துப் பெயின்ட்டை நகத்தால லேசா சுரண்டினேன். அடியில கொட்டை எழுத்துல 'மகளிர்'னு இருந்தது. உடைக்கப் போட்ட டவுன் பஸ்ஸுல இருந்து கழட்டினது!

நான் அவரைப் பார்த்தேன். அவரும் சீட்டைக் குனிஞ்சு பார்த்துட்டு, "அந்தக் காலத்துக் கம்பெனிக்காரன் பொம்பளைங்களுக்கு மரியாதை குடுத்துக்கினு இருந்தான் நைனா"ன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. ஆனா ரெண்டாவது வரிசைன்னதும் அவர் மூஞ்சி மாறிடுச்சு.

"செரி, நட. ஒம் மாமனாரு வண்டிய எங்க நிக்க வக்கிறேன்னு நான் மொத ஆளா வந்து பாக்கறேன்."

நாஷ்டா நேரத்து எச்சரிக்கை

மாமா வண்டியைப் பார்க்கக் கெளம்புற அன்னிக்குக் காலையில என் சம்சாரம் செல்வி தட்டுல இட்லியை வச்சா. வச்சான்னு சொல்றதைவிடப் போட்டான்னு சொல்லணும். சட்னி வரலை. "ஏம்மா, உங்கப்பா வண்டியில ஏதாவது மாத்தியிருந்தா நான் இன்னா பண்றது?"ன்னு மெதுவாக் கேட்டேன். ஊருக்கெல்லாம் ஒரு நியாயம், மாமனாருக்கு ஒரு நியாயம்னு பேர் வந்தா அதுக்கப்புறம் என் சொல்லை எவன் மதிப்பான்?

"வண்டில எத வேணா மாத்தியிருக்கலாம். எங்கப்பாவ மாத்த முடியாது. அத ஞாபகம் வச்சிக்கினு போங்க."

சாமி கும்பிட ஒரு ஓட்டை

மாமா வண்டி அறுபத்தெட்டாவது வருஷத்து மாடல். அவர் சொன்ன வருஷம் சரியாவே இருந்தது. பாடி, சேஸிஸ், ஸ்டியரிங், எல்லாம் அப்படியே இருக்கு. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. இஞ்சினை ஸ்டார்ட் பண்ணார். டபடபன்னு டீசல் சத்தம். அந்த மாடல் பெட்ரோல்லதான் வந்துச்சு. பெட்ரோல் செலவு கட்டுபடியாகாம நம்ம ஜனங்க பாதிப் பேரு டீசல் இஞ்சினைத் தூக்கி வச்சதுதான் ஊரறிஞ்ச கதையாச்சே!

"கம்பெனிலயே டீசல்தான் மாப்ள"ன்னு மாமா அடிச்சுச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்தேன். டேஷ்போர்டுல ஒரு ஓட்டை, அதுல ரெண்டு ஊதுபத்தி புகைஞ்சுகிட்டிருந்தது. பெட்ரோல் வண்டியைக் குளிருல ஸ்டார்ட் பண்ண இழுக்கிற சோக் குமிழ் இருந்த ஓட்டை அது. டீசல் வண்டிக்குச் சோக்கே கிடையாது. "மாமா, அப்ப இந்த ஓட்டை எதுக்கு?"ன்னு கேட்டேன்.

"அது சாமி கும்பிட கம்பெனிக்காரன் வச்சு வுட்டது மாப்ள."

தீர்ப்பு நாள்

கண்காட்சி அன்னிக்கு வேன் வந்து நின்னுச்சு. திருப்பாச்சூர் ஜனம் மொத்தமும் இறங்குச்சு. பட்டர் ஒரு பக்கம், செங்கல்ராயன் ஒரு பக்கம். மாமா வெள்ளை வேட்டியில, கழுவித் துடைச்ச வண்டியோட, முதல் வரிசை வாசல்ல நிக்கிறார். செல்வி என்னையே பார்க்கிறா. எப்படியோ சொல்லிட்டேன்: "மாமா, இஞ்சின் மாத்தினது. ரெண்டாவது வரிசை."

மாமா கை மாலைக்கு நீட்டினபடியே நின்னுடுச்சு. அவர் மூஞ்சியைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துடுச்சு, நெஜமாத்தான் சொல்றேன். அவர் தோள்ல இருந்த துண்டை எடுத்து பானெட்டை ஒருதரம் துடைச்சார். ஏறி உக்காந்து, தானே ரெண்டாவது வரிசைக்கு ஓட்டிக்கிட்டுப் போய் நிறுத்தினார். இறங்கி நேரா என்கிட்ட வந்தார். அடிக்கப்போறார்னு நினைச்சேன். ஊரே கேக்குற மாதிரி நிதானமாக் கேட்டார்:

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு உங்கூட்ல ஒன்னப் பத்தி இன்னான்னாவோ சொன்னாங்களே மாப்ள, அதுல ஒண்ணயாவது நாங்க சொரண்டிப் பாத்தோமா?"

வேன் ஜனம் சிரிச்ச சிரிப்புல செல்வியும் சேர்ந்துகிட்டா. ஆக என் அனுபவத்துல நான் கண்டது இதுதான்: ஊரான் வண்டியில உண்மையைத் தேடலாம், பொண்ணு குடுத்தவர் வண்டியில பெயின்ட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வந்துடணும்.