தம்பையாவின் வேனுக்கு மூச்சு முட்டிய கதை

தம்பையா பிறந்தது 1966 ஆகஸ்ட் என்கிறது பிறப்புச் சான்றிதழ். அதற்கு முந்திய ஐப்பசியில், அடைமழையில் பிறந்தவன் என்றே அவருடைய தாயார் கடைசிவரை சாதித்து வந்தார். எது சரி என்று தம்பையா தலையை உடைத்துக்கொண்டதில்லை. ஆனால் தமது வேன் பிறந்த வருடத்தைக் கேட்டால் மட்டும் தடுமாறாமல் சொல்வார்: 1989.

பெரகலைச் சந்திக்குக் கீழேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் கொழுந்து லொறி ஓட்டியவர் அவர். வேலையிலிருந்து ஓய்வுபெற்று, சேமலாப நிதி கைக்கு வந்ததும் அந்தப் பழைய டீசல் வேனை வாங்கினார். அவருடைய மகள் கீழ்ப்பிரிவு லயத்து வீட்டிலிருந்து அப்புத்தளைப் பாடசாலைக்கு ஏற்றம் ஏறி நடந்தே களைத்து, பத்தாம் வகுப்போடு நின்றுபோனவள். இனி எந்தப் பிள்ளையும் கால் வலித்துப் படிப்பை விடக்கூடாது என்பது அவருடைய எண்ணம். இப்போது பதினேழு பிள்ளைகள் அவர் வேனில் போய்வருகிறார்கள்.

தோட்டத்து மண் பாதையின் தூசி கொஞ்சநஞ்சமல்ல. எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் காகித ஃபில்டர் இரண்டு மாதம் தாங்காது. இறக்குமதி முடங்கி உதிரிப்பாகங்கள் அரிதாகிப்போன காலத்தில், பண்டாரவளையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் பாறூக், துணியால் ஆன வேறொரு ஃபில்டரை எடுத்துக் கொடுத்தார்.

"இத வீச வேணாம் தம்பையாண்ணே. சோப்புத் தண்ணியில கழுவுங்க, நெழல்ல நல்லாக் காய விடுங்க. அதுக்குரிய எண்ணெய மடிப்புக்கு மேல ஒரு கோடு, அவ்வளவுதான். கொழம்பு மாதிரி ஊத்திராதீங்க!"

மூன்று வருடம் அந்தச் சொல்லைத் தம்பையா மீறவில்லை. மீற வைத்தது ஆயுத பூசை.

அன்று வீட்டிலுள்ள ஆயுதங்களெல்லாம் கழுவிப் பொட்டிடப்பட்டன. மனைவி பாக்கியலெட்சுமி தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, தம்பையாவின் ஸ்பேனர்கள், ஜாக்கி, உபரிச் சக்கரம், ஒன்றும் விடுபடவில்லை. ஃபில்டரையும் கழற்றிக் கழுவினார். வண்டிக்கு மூச்சுக் கொடுப்பதே அதுதான். அதற்கு வெறும் பொட்டு போதுமா என்று அவருக்குத் தோன்றியது. ஈரம் காயுமுன்பே மடிப்பெல்லாம் படும்படி திருநீற்றைக் குழைத்துப் பூசினார், சந்தனம் வைத்தார். பாறூக் கொடுத்த எண்ணெய் தீர்ந்திருந்ததால், விளக்குக்கு வாங்கிய நல்லெண்ணெயைக் கை நிறைய ஊற்றித் தடவினார். கும்பிட்டுவிட்டு மாட்டினார்.

மறுநாளே ஏற்றத்தில் வேன் இருமியது. பின்னால் கரும்புகை கிளம்பியது. வருடாந்த அனுமதிப்பத்திரம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிற வாரம் அது. புகைப் பரிசோதனையில் தேறாமல் புதுப்பிக்க முடியாது. வெள்ளிக்கிழமை காலை பரிசோதனை நிலையத்தில் வேன் தேறவில்லை.

பத்திரமில்லாத வண்டியில் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கியதில் தவறில்லை. அவர்களுக்காகப் பேச வந்த தயானிக்கும் இரண்டு பிள்ளைகள் அந்த வேனில்தான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. திங்கக்கெழமைக்குள்ள சரியாகலேன்னா றில்வான் வேனுக்குச் சொல்லிருவோம். ஆனா அவரு எட்டுப் பேரத்தான் ஏத்துவாராம்."

மிச்சம் ஒன்பது பிள்ளைகள் நடக்க வேண்டும். அந்த எண்ணிக்கை தம்பையாவை வதைத்தது. ஃபில்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பகல் பஸ்ஸிலேயே பண்டாரவளைக்குப் புறப்பட்டார்.

"பாறூக் நானா, ஒங்க துணி ஃபில்டர நம்பினேன்! என் வண்டியக் கெடுத்துருச்சு."

பாறூக் வாங்கிப் பார்த்தார். விரலால் ஒரு மடிப்பை விரித்தார். வெள்ளைச் சேறு போல ஏதோ ஒட்டியது, முகர்ந்தார்.

"என்னண்ணே இது, நல்லெண்ணெய் மணக்குது?"

தம்பையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஆயுத பூசைங்க..." என்று இழுத்தார்.

பாறூக்கின் தோள்கள் குலுங்கின. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மூக்குல சந்தனத்த அடைச்சா யாருக்கு மூச்சு வரும்?" என்றவர், பிளாஸ்டிக் பேசினில் சோப்புத் தண்ணீரைக் கலக்கி மூன்று முறை அலசினார். அழுக்குத் தண்ணீரைத் தெருவோரச் சாக்கடைக் காணுக்கு எடுத்துச் சென்றவர் பாதி வழியில் நின்றார்.

"சாமித் துண்ணூறு கரைஞ்சிரிக்கு. இத காணுல ஊத்தலாமா?"

தம்பையா பேசினை வாங்கி, கடை வாசலில் நின்ற செம்பருத்தியின் அடியில் ஊற்றினார். வரும்போது மனதிலிருந்த கோபம் அங்கேயே வடிந்துபோயிற்று.

நெருப்பில் காட்டினால் துணி சுருங்கிவிடும். எனவே ஃபில்டர் அன்றிரவு பாறூக் கடையின் மேல் தட்டிலேயே காய்ந்தது. சனிக்கிழமை கடை திறக்கும்போதே தம்பையா வாசலில் நின்றார். பாறூக் தமது கையாலேயே ஒரு கோடு எண்ணெய் விட்டு, அது ஊறும்வரை தேநீர் கொடுத்து உட்கார வைத்தார். ஊர் திரும்பி ஃபில்டரை மாட்டும்போது தம்பையாவின் கை தானாகச் சட்டைப்பையிலிருந்த திருநீற்றுக்குப் போயிற்று. சற்று யோசித்து, ஃபில்டர் பெட்டியின் மூடியை இறுக்கியபின் அதன் வெளிப்புறத்தில் பூசினார். நண்பகலுக்கு முன் பரிசோதனையில் வேன் தேறிவிட்டது. அன்றே இணையத்தில் பத்திரமும் புதுப்பித்தாயிற்று.

டீசல் சரியில்லை என்று தயானியிடம் சொல்லியிருக்கலாம். யாரும் துருவிக் கேட்கப்போவதில்லை. அவர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தயானி சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாக்கியலெட்சுமி மட்டும் விடவில்லை. "என் கத்தியெல்லாம் சந்தனத்தோடதான் இருக்கு. அது ஒண்ணும் இருமலியே! அளவு தெரியாத மனுசன்."

திங்கட்கிழமை காலை பதினேழு பேரும் ஏறினார்கள். ஏற்றத்தின் நடுவில் தம்பையா பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் பாதையே தெரியவில்லை.

"பாப்பா, பொகையா வருது?" என்று கடைசி இருக்கைக்குக் குரல் கொடுத்தார்.

தயானியின் மகள் பின்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள்.

"பனி மாமா. மேலயும் அப்படித்தான் இருக்கு. நீங்க ஓட்டுங்க."