வெட்டிய மூன்று வரிகள்

வேரா என்ற ரஷ்யக் கவிஞரின் கடைசிக் கவிதையைத் தமிழாக்கியபோது அதன் இறுதி மூன்று வரிகளை வெட்டினேன். முன்னுரையில் அவரைக் “கடைசிவரை அஞ்சாதவர்” என்று எழுதினேன். இரண்டையும் தெரிந்தே செய்தேன். பிறகு அந்தப் பொய்யை என் தங்கை மனோவின் கையில் மருந்துபோலக் கொடுத்தேன். புற்றுநோயோடு இருப்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் வாசிக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

இளமையில் மொஸ்கோவில் பொறியியல் படித்தவன் நான். ஓய்வுபெற்று ஊர்காவற்றுறைக்குத் திரும்பிய பிறகுதான் வேராவை வாசித்தேன். வட ரஷ்யாவின் ஆற்றங்கரை நகரமொன்றில் சிறிய இலக்கிய இதழை முப்பது வருடம் நடத்தியவர். பிறர் எழுத்தில் ஒரு சொல்லைக்கூடத் தானாக மாற்றமாட்டார். சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, எழுதியவரிடமே கேட்பார். தன் கவிதைகளாக இரண்டு தொகுதிகள் மட்டுமே வெளியிட்டார். தொண்டைப் புற்றுநோயில் இறந்தார். கேட்பதற்கு அவர் இல்லை என்ற துணிவில்தான் வெட்டினேன். தமிழ் வாசகருக்கு வீரமான முடிவு வேண்டும் என்று நினைத்தேன்.

மனோ படகில் மட்டுமே போகக்கூடிய எழுவைதீவில் கணவனோடும் மகளோடும் இருக்கிறாள். மார்புப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தவளிடம் புத்தகத்தை நீட்டினேன்.

“வாசிச்சுப் பார். இந்த மனுசி பயப்படேல்லை. நீயும் பயப்படாதை.”

அதன்பின் அவள் என்னிடம் பயம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. என் தங்கை துணிச்சல்காரி என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். ஆனால் தொடர்பரிசோதனைக்கு அவள் போகவில்லை. “கடல்ல காத்து, படகு ஓடேல்லை அண்ணை” என்று தொலைபேசியில் சொல்வாள். என் வீடு இறங்குதுறைக்குப் பக்கத்தில். எழுவைதீவுப் படகு வந்து சேர்வதை யன்னலால் பார்த்துக்கொண்டே, “சரி, காத்து அடங்கட்டும்” என்பேன்.

சென்ற வருடம் என் குரல் கம்மியது. தடிமன், சளி என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். மூக்கு வழியாக மெல்லிய கமெராக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். திசுப் பரிசோதனை (சிறு துண்டுச் சதையை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள்.

“குரல்வளையில கட்டி. ஆரம்பத்திலேயே பிடிச்சிட்டம்” என்றார் வைத்தியர். “ஐயாவுக்குப் பயமா இருக்கோ?”

“இல்லை” என்றேன். கதிரையின் கைப்பிடியை இறுக்கியிருந்த என் விரல்களை அவர் பார்த்தார்.

கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு முகத்தின் அளவிலேயே ஒரு வலைமுகமூடி செய்வார்கள். தலை அசையாதபடி அதை மேசையோடு பூட்டுவார்கள். “ஏலாட்டிக் கையைத் தூக்குங்கோ” என்று சொல்லிவிட்டு எல்லோரும் வெளியேறினார்கள். பாரமான கதவு மூடியது. வாய் திறக்க முடியவில்லை. மூச்சு வலையில் பட்டுத் திரும்பியது. வேராவின் கவிதைக்கு நான் கொடுத்த வீரமான முடிவை நினைத்துப் பார்த்தேன். அது ஒன்றுக்கும் உதவவில்லை. அப்போதுதான், நான் வெட்டிய வரிகள் ரஷ்ய மொழியிலேயே நினைவுக்கு வந்தன:

எனக்குப் பயமாக இருக்கிறது.
என்னைப் புகழாதீர்கள்.
கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருங்கள்.

கையைத் தூக்கினேன்.

என் சிகிச்சை முடிந்த மாதத்தில், மனோவின் முதுகுவலி எலும்புக்குப் பரவிய நோய் என்று தெரிந்தது. படகேறிப் போனேன். நான் வெட்டியதைச் சொல்லி, மூன்று வரிகளையும் வாசித்தேன்.

“அப்ப அவவுக்கும் பயமோ?”

“ஓம்.”

“பயந்தா வெக்கம் எண்டு நினைச்சனான் அண்ணை. அதுதான் போகேல்லை. படகு ஓடினதுதான்.”

“தெரியும். யன்னலால பாத்தனான்.”

அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு, “வெளிக்கிடுங்கோ. கடைசிப் படகு போயிடும்” என்றாள்.

நான் வெட்டியதையும் வெட்டிய வரிகளையும் புத்தகமாகுமுன் என் தமிழாக்கம் வெளிவந்த தமிழ் இதழிலேயே எழுதினேன். யாரும் கடிதம் போடவில்லை. மனோவும் தொலைபேசியை எடுக்கவில்லை. நாலாவது வாரம் அவளுடைய மகள் அழைத்தாள்.

“மாமா, செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு மருந்து ஏத்தீனம். உங்களை வந்து வாங்கில இருக்கட்டாம்.”

போனேன். மருந்து ஏற்றும் அறைக்கு வெளியே நீள மரவாங்கு கிடந்தது. உள்ளே போகுமுன் மனோ என் பக்கம் திரும்பினாள்.

“எனக்குப் பயமாக் கிடக்கு அண்ணை.”

“எனக்கும்தான்.”

“உங்கட குரல் கிழிஞ்ச பாய் மாதிரி. பரவாயில்லை, இப்பதான் நம்பலாம் போல கிடக்கு.”

அவளுடைய நோய் முற்றுவதைத் தள்ளிப்போடலாம், குணமாக்க ஏலாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். எனக்கு அடுத்த பரிசோதனை மூன்று மாதத்தில். கதிர்வீச்சுக்குப் பின் எனக்கு எச்சில் ஊறுவதில்லை. போத்தல் தண்ணீரை ஒவ்வொரு மிடறாகக் குடித்துக்கொண்டு வாங்கில் இருப்பேன். போத்தல் பாதியானால் அவளுக்கு மருந்தும் பாதி ஏறியிருக்கும். இப்போதெல்லாம் இன்னும் எத்தனை வருடம் என்று நான் யோசிப்பதில்லை.

சென்ற செவ்வாய் போத்தல் முடிந்தும் கதவு திறக்கவில்லை. வெறும் போத்தலைப் பிடித்தபடி இருந்தேன். எழும்பிப் போய்க் கேட்கவும் பயமாக இருந்தது. உள்ளே அவளுடைய செருப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் போத்தலை மூடி வைத்தேன்.